ஊரார் வயிற்றின் மேல் என் மகள் கை

1

இந்த வருசம் என் மகள் பூங்கொடிக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. "அடடா, அப்படியா கண்ணு" என்று வாயால் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முகத்தைக் காட்டினால் தெரிந்துபோகும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். பெரியநாயக்கன்பாளையத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரர் காலமான பிறகு மகளோடு இங்கிலாந்துக்கு வந்துவிட்டேன். லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். பூங்கொடி இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர். வருசம் முழுக்க லீவைச் சேர்த்து வைத்து, பங்குனி வாக்கில் ஊருக்குப் போவாள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அல்ல. மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு. அங்கே அடிபட்டு வருகிறவர்களின் வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க இளம் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அந்த ரோடு எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரி, பஸ், பட்டறைக்குப் போகிற மொபெட் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டுதான் போகும். விழுந்தவருக்கு வெளியே ஒரு சிராய்ப்புதான் தெரியும், உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் பெரிய மிஷின் கோயமுத்தூரில்தான் இருக்கிறது. எல்லாரையும் அங்கே அனுப்ப முடியாது. யாரை அனுப்புவது, யாரை வீட்டுக்கு விடுவது என்று கட்டில் ஓரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அதற்குத்தான் பூங்கொடியின் கருவி. கைக்குள் அடங்குகிற ஒரு கட்டை. அதன் வயரைப் போனில் செருகி, வயிற்றில் பசை தடவி, கட்டையை அழுத்தினால் போனில் உள்ளே இருப்பது தெரிகிறது.

ஒருநாள் காய் நறுக்கும்போது எனக்கும் சொன்னாள். "ஈரலும் கிட்னியும் ஒரே பாயில படுத்த அக்கா தங்கச்சி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. நடுவுல கறுப்பா ஒரு கோடு உளுந்துச்சுன்னா, அது ரத்தம்."

எனக்கு அது உடனே புரிந்தது. எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

2

அவள் பெயர் தங்கமணி. பெரியநாயக்கன்பாளையத்திலேயே இருக்கிறாள். பூங்கொடி ஊருக்குப் போனால் தங்குவது அவள் வீட்டில்தான். நானும் கூடப் போகலாமே என்று நினைப்பீர்கள். "ரெண்டு பேரும் போயிட்டா யாழினிய யாரும்மா பாக்கறது?" என்பாள் பூங்கொடி. யாழினி என் பேத்தி. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் ஷிப்டு வேலை. ஆகவே நான் இங்கே இருப்பேன். மகள் அங்கே இருப்பாள்.

மாசம் பூராவும் தங்கமணி அவளுக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போடுவாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பதைப் போனில் காட்டுவாள். "அக்கா, உன்ற புள்ள எங்கூட்டுக்கு வந்து சதை போட்டிருக்குது பாரு" என்பாள். இங்கே என் மகள் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன். நானும் அதே அரிசி, அதே பருப்பு, அதே பூண்டு போட்டுத்தான் ஆக்குகிறேன். ஒரு தடவை, "சின்னம்மா ஊட்டுல இதே இன்னும் கொளகொளன்னு இருக்கும்மா" என்றுவிட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு நான் அரிசிம்பருப்பு ஆக்கவில்லை.

இன்னொருத்தியும் உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் நஸ்ரின். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுப் பெண், சின்ன வயசு. பூங்கொடியிடம் முதலில் கற்றுக்கொண்டது அவள்தான். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிறாள். சனிக்கிழமையானால் இங்கே கூப்பிடுவாள். தான் பார்த்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். பூங்கொடி சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, "அதில்ல கண்ணு, கட்டைய இன்னுங் கொஞ்சம் முதுகுப் பக்கமாத் தள்ளு. செரி கண்ணு. இப்பப் பாரு" என்பாள்.

இந்த வீட்டில் 'கண்ணு' என்ற வார்த்தையை நான்தான் சொல்வேன். பூங்கொடி யாழினியோடு இங்கிலீசில் பேசுவாள். என்னிடம் பேசுவது மருந்து போட்டீங்களா, கதவு பூட்டினீங்களா, இவ்வளவுதான். அவளுடைய கண்ணு எல்லாம் சனிக்கிழமைக்கு நஸ்ரினுக்குப் போய்விடும்.

யாழினி என்னை அம்மிச்சி என்று கூப்பிடுவாள். அதற்கு மேல் தமிழ் வராது. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் கடகடவென்று சொல்லுவாள், எனக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டுவேன். நான் தலையாட்டுவதை வைத்தே எனக்குப் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பாவம், பாதியில் நிறுத்திவிட்டு மேலே போய்விடுவாள்.

3

தங்கமணி விழுந்து இந்த நோம்பியோடு ஒரு வருசம் ஆகிறது.

போன வருசம் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, முந்தின நாள். பூங்கொடி ஊரிலிருந்து திரும்பி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தங்கமணி தன் மகன் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து தேங்காய் பழம் வாங்கப் போயிருக்கிறாள். நாய் குறுக்கே வந்தது. மகனுக்கு முட்டியில் சிராய்ப்பு. தங்கமணி போய் ரோட்டோரக் கல்லில் இடது பக்கமாக மோதியிருக்கிறாள்.

கூட்டம் கூடி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். குடித்தாள். ஆட்டோ வந்தது. "ஆஸ்பத்திரிக்கு உடுங்க" என்று எல்லாரும் சொல்ல, அவள், "மொதல்ல ஊட்டுக்கு உடுங்க" என்றிருக்கிறாள். எதற்கு? சேலையெல்லாம் மண்ணு. டாக்டரைப் பார்க்க அழுக்குச் சேலையோடு போவார்களா? வீட்டுக்குப் போய், கைகால் முகம் கழுவி, பாத்ரூம் போய், வேறு சேலை உடுத்தி, பொட்டு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அதைத்தான் செய்வோம். நானாக இருந்தால் தலையும் சீவியிருப்பேன்.

அதில் என்ன தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் அதன் வழியாக அடிவயிறு நன்றாகத் தெரியுமாம். காலியாக இருந்தால் அங்கே தேங்குகிற ரத்தம் கண்ணுக்குத் தப்பிவிடும். சோடா குடித்திருந்தால் இரைப்பையும் கறுப்பாகத் தெரிந்து குழப்பும். மரியாதைக்காகத் தங்கமணி செய்தது ஒவ்வொன்றும் நஸ்ரினின் கண்ணைக் கட்டிவிட்டது.

4

இங்கே அப்போது மத்தியானம். பூங்கொடிக்கு வேலையில்லாத நாள். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. நஸ்ரின் முகம் தெரிந்தது.

"மேடம், உங்க சின்னம்மா வந்திருக்காங்க. பயப்படாதீங்க. உளுந்துட்டாங்க. ஒருக்கா பாத்துட்டேன், சுத்தமாத்தான் இருக்குது. ஆனா அடிவயிறு சரியாத் தெரியல. நாடி கொஞ்சம் வேகமா இருக்குதுங்க."

"போக உடாத கண்ணு" என்றாள் பூங்கொடி. "கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் பாரு. மொதத் தடவ சுத்தமா இருந்தா அது சுத்தம்னு அர்த்தமில்ல."

"அவங்க எந்திரிச்சு உக்காந்துட்டாங்க மேடம். செருப்பத் தேடறாங்க."

நஸ்ரின் போனைத் திருப்பினாள். கட்டிலில் என் தங்கச்சி. மயில்கழுத்து நிறச் சேலை, நெற்றியில் புதுப் பொட்டு.

"எனக்கு ஒண்ணுமில்லீங் கண்ணு" என்று நஸ்ரினிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சும்மா வெலாப்பக்கம் ஒரு இடி. நாளைக்கு நோம்பிங்க. மாவெளக்குக்கு மாவு இடிக்கோணும். நீங்க சாப்பிட்டீங்களா?"

"சின்னம்மா, படுங்க" என்றாள் பூங்கொடி.

"நீ சொன்னாச் செரி அம்மணி. ஆனா நானே கட்டிலப் புடிச்சுட்டு இருந்தா, நெசமாலுமே அடிபட்டு வாரவிங்களுக்கு எடமில்லாமப் போயிருமல்லோ?"

பூங்கொடி எத்தனையோ சொன்னாள். தங்கமணி எல்லாவற்றுக்கும் செரி, செரி என்று சொல்லிக்கொண்டே காலைக் கீழே விட்டுச் செருப்பைத் துழாவினாள். எனக்குப் பொறுக்கவில்லை. புளிக் கையோடு போனை வாங்கினேன்.

"தங்கமணி, படு."

"அக்கா, நீ சும்மா இரு. அங்க உக்காந்துட்டு உனக்கென்ன தெரியும்?"

நான் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. இந்த ஊரில் பஸ்ஸில் பிரேக் போட்டதும் ஒரு வெள்ளைக்காரம்மா மடியில் விழுந்து, சாரி சொல்வதற்குப் பதிலாகத் தேங்க்யூ சொல்லிவிட்டு, அந்தக் கூச்சத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தவள். ஆனால் அந்த 'அங்க உக்காந்துட்டு' என்னை என்னமோ செய்தது.

"எனக்கென்ன தெரியுமா? வருசா வருசம் எம்புள்ளைய மாசம் பூரா உன்ற ஊட்டுல வெச்சுக்கறயே, அது தெரியும். இருக்கற லீவெல்லாம் உனக்குக் குடுத்துப்போட்டு இங்க வந்து அடிச்சுப்போட்டாப்பல தூங்கறா, அது தெரியும்."

"வெச்சுக்கறனா? நானா வரச் சொன்னேன்? வந்த புள்ளைக்குச் சோறு போட்டது தப்பா?"

"சோறு போட்டாப் போதாதா? எம்புள்ள எம்புள்ளைன்னு வீதி பூராச் சொல்லீட்டுத் திரியோணுமா?"

"அட, பெத்தவ நீதான், ஆரு இல்லைங்கறா? பட்டாப் போட்டு வெச்சுக்க."

அங்கே யாரோ சிரித்தார்கள். அந்த வார்டு முழுக்கக் கேட்டிருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பூங்கொடியிடம் போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பேசுங்க, பேசுங்க என்று கையைச் சுழற்றினாள். அப்போதுதான் கவனித்தேன். சண்டை போடுவதற்குத் தோதாகத் தங்கமணி மறுபடியும் தலையணையில் சாய்ந்துவிட்டாள். நஸ்ரின் போனை ஒரு நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, கட்டையோடு சத்தமில்லாமல் கட்டில் பக்கம் வந்து நின்றிருந்தாள்.

அதனால் நானும் விடவில்லை. எண்ணெய் வைத்துவிடுவதைச் சொன்னேன். கொளகொளவென்ற அரிசிம்பருப்பைச் சொன்னேன். வாசல் நாற்காலியைச் சொன்னேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை, எல்லாம் உள்ளே இருந்ததுதான். தங்கமணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். "பூண்ட நசுக்கிப் போடு, முழுசாப் போட்டா அப்பறம் எப்படி ருசிக்கும்?" என்று அதற்கு நடுவிலும் சமையல் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அக்கா" என்றாள். "கண்ணு இருட்டறாப்பல இருக்குதக்கா."

"மேடம், கறுப்பு வந்திருச்சுங்க" என்றாள் நஸ்ரின்.

பூங்கொடி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "எங்க?"

"மண்ணீரலச் சுத்தி. ஈரலுக்குக் கீழயும் ஒரு கோடு."

"ஆம்புலன்சுல ஏத்தீரு கண்ணு. கோயமுத்தூருக்குப் போன் பண்ணி, ரத்தம் எடுத்து வெக்கச் சொல்லு. கூடவே நீ போ."

படம் அணைந்துவிட்டது. என் கையில் புளி காய்ந்து இழுத்தது.

5

அன்று நான் ஊருக்கு ஓடியிருக்க வேண்டும். முடியவில்லை. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். போட்டோ சரியில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் தலை குனிந்திருக்கிறதாம். கேமராவைப் பார்த்தால் எனக்குத் தலை தானாகக் குனிந்துகொள்ளும். போட்டோ எடுக்கிற பையன் இங்கிலீசில் என்னமோ சொல்லுவான், நான் இன்னும் குனிவேன். தலை நிமிராத குற்றத்துக்காக என் தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும் என்று யார் கண்டது?

ஆபரேஷன் முடிகிற வரைக்கும் நான் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் போய்விட்டால், நான் அவளோடு கடைசியாகப் பேசியது பூண்டைப் பற்றி. அதற்கு முன்னால் அவளுக்குச் சொன்னது, என் பிள்ளையை வைத்துக்கொள்கிறாய் என்று. பூங்கொடி பக்கத்தில் வந்து, "நீங்க சண்டை போடலைன்னா அவங்க எந்திரிச்சுப் போயிருப்பாங்கம்மா. ஊட்டுல வெச்சு மயங்கியிருப்பாங்க" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை.

தங்கமணி பிழைத்துவிட்டாள். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அது இல்லாமலும் மனுசர் இருக்கலாமாம். தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், காய்ச்சல் வந்தால் வீட்டில் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மாரியாத்தாளைக் கும்பிட்டேன். அதோடு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். தீரவில்லை, கூடிவிட்டது. பூங்கொடி ஆஸ்பத்திரியில் கெஞ்சி லீவு வாங்கி மறுபடியும் அவளைப் பார்க்கப் பறந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டுகிற படத்தைத் தங்கமணியின் மகன் அனுப்பினான். நஸ்ரின் இப்போது எங்கே பார்த்தாலும் அவளை "நம்ம அம்மா" என்கிறாளாம். புதிதாக வருகிற டாக்டர்களுக்கெல்லாம், இரண்டாவது தடவை பார்க்க வேண்டும் என்பதற்கு என் தங்கச்சியைத்தான் உதாரணம் சொல்கிறார்களாம். "என்ற வயித்த வெச்சுத்தான் பாடம் நடத்தறாங்கக்கா" என்று தங்கமணி போனில் பெருமை பேசினாள்.

என் மகளின் கை பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று அந்த ரோட்டில் விழுந்த யார் யார் வயிற்றிலோ பட்டிருக்கிறது. என் மேல் பட்டதில்லை. இங்கே வீட்டில் கருவியைச் சோதித்துப் பார்க்கக்கூட மாப்பிள்ளையையோ யாழினியையோதான் படுக்க வைப்பாள். "அம்மாவுக்கு வெக்கம்" என்பாள். கேட்டதில்லை, அவளே முடிவு செய்துவிட்டாள்.

6

பாஸ்போர்ட் வந்து பீரோவில் இருக்கிறது. போட்டோவில் தலை நிமிர்ந்து, யாரையோ முறைப்பது போல இருக்கிறேன்.

லீவு கிடைக்காததால், இந்த வருசம் போன் வழியாகவே பாடம் நடத்துவது என்று பூங்கொடியும் நஸ்ரினும் பேசிக்கொண்டார்கள். நோம்பியன்று காலையில் இங்கே மாப்பிள்ளையைப் படுக்க வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. அவரை ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். யாழினி சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். பூங்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு சொல்லீரட்டுமா?" என்று தனக்குத்தானே கேட்டாள்.

"எம்மேல வெச்சுக் காட்டு கண்ணு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களாம்மா? அங்க புது டாக்டருங்க நாலஞ்சு பேரு பாப்பாங்க."

"மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது. வயிறு மட்டுந்தான்."

"அப்பச் செரி."

மேலே போய்க் குளித்தேன். பாத்ரூம் போனேன். பீரோவில் இருந்த நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு இறங்கி வந்தேன். பூங்கொடி என்னைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"அப்படியே சின்னம்மா" என்றாள். "பாத்ரூமும் போய்ட்டீங்களா? செரி, தண்ணி குடிங்க. அடிவயித்தக் கடைசியாப் பாத்துக்கலாம்."

சோபாவில் படுத்தேன். ஜெல் ஜில்லென்றது. அவள் கை சூடாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலது பக்கம் வைத்து, ஈரல் இது, கிட்னி இது, நடுவில் கறுப்பில்லை பாருங்கள் என்று சொன்னாள். பிறகு இடது பக்கம் வந்து, விலா எலும்பின் மேல் கையை ஊன்றி, கட்டையை முதுகுப் பக்கம் சாய்த்தாள்.

போனிலிருந்து ஒரு தெரிந்த குரல் கேட்டது. "நஸ்ரினு, அதென்ன கண்ணு, அரைநெலாவாட்ட வளஞ்சு தெரியுது?"

தங்கமணி. மாவிளக்கு கொடுக்க நஸ்ரினிடம் வந்தவள், பாடம் நடக்கிறது என்றதும் டாக்டர்களோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

"அதுதானுங்க மண்ணீரல்" என்றாள் நஸ்ரின்.

நாற்காலியைப் போன் பக்கமாக இழுக்கிற சத்தம் கேட்டது.

"படுத்திருக்கறது அக்காதான?"

"நாந்தான்" என்றேன்.

"உனக்கு அது அப்படியே இருக்குது பாரு" என்றாள் தங்கமணி.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். வருசக்கணக்கில் எனக்குள்ளே நான் பேசுகிற குரல். அவளிடமிருந்து அது வந்து நான் கேட்டதேயில்லை.

"இருக்குது" என்றேன். பிறகு பூங்கொடியிடம் மெதுவாக, "பெருசா இருக்குதா கண்ணு?" என்று கேட்டேன்.

"அளவாத்தான் இருக்குதும்மா. ஆடாதீங்க."

அங்கிருந்து ஒரு புது டாக்டர், சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார். நஸ்ரின் தயங்கி, "மேடம், அம்மாவுக்குச் சிரமமா இருக்குமோ?" என்றாள்.

"இல்ல கண்ணு, மறுபடியும் பாக்கலாம்" என்றாள் பூங்கொடி.

கண்ணு என்றது நஸ்ரினைத்தான். கை என் மேல் இருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன். விடச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.